ஏழு கிழமைகள் வந்த வழி

எந்தப் பஞ்சாங்கத்தைப் பிரித்தாலும் ஓரை அட்டவணை இருக்கும். பத்திரப் பதிவு, கடைத் திறப்பு என்று நல்ல நேரம் பார்ப்பவர்கள் விரல் வைத்துத் தேடும் பக்கம் அது. அதில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைப் பாருங்கள். சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று மணிக்கு ஒரு கோள் முறை வைத்து வரும். ஏழும் முடிந்தால் மறுபடி சூரியன். மூன்று சுற்று முடிய 21 மணி நேரம் ஆகும். மீதி மூன்று ஓரைகள் சூரியனுக்கும் சுக்கிரனுக்கும் புதனுக்கும் போய்விடும். அடுத்த நாள் உதயத்தில் முறை சந்திரனுடையது. அதனால்தான் ஞாயிறுக்குப் பின் திங்கள் வருகிறது. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று வாரம் முழுவதும் கிடைத்துவிடும். முதல் ஓரை எந்தக் கோளுடையதோ, அந்த நாள் அந்தக் கோளுக்கு உரியது. கிழமை என்றால் உரிமை என்றுதானே பொருள்!

இந்தக் கணக்கு பிறந்தது எகிப்தில், கிரேக்கர் ஆட்சிக்காலத்தில் என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. கோள்களைத் தெய்வங்களாகக் கண்டு இரவெல்லாம் குறித்துவைத்தவர்கள் பாபிலோனியர். நாளை 24 பங்காகப் பிரித்தவர்கள் எகிப்தியர். மெதுவாக நகரும் சனி மிகத் தொலைவில், விரைந்து நகரும் சந்திரன் மிக அருகில் என்று வரிசைப்படுத்தியவர்கள் கிரேக்கர். இந்த மூன்று அறிவும் சேர்ந்துதான் வாரம். ஓரை என்ற சொல்லும் கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக நம்மிடம் வந்ததே.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்துச் சுவரில், சனியில் தொடங்கும் கிழமைத் தெய்வங்களின் பட்டியலைக் கீறி வைத்திருக்கிறார்கள். 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சூரியனின் நாளை ஓய்வு நாளாக்கினார். வாரம் வடக்கே ஜெர்மானியரிடம் போனபோது தெய்வங்கள் மாறின. செவ்வாய்க்கு டியூ, புதனுக்கு ஓடன், இடி முழக்கும் வியாழனுக்குத் தோர், வெள்ளிக்கு ஃப்ரிக் வந்தார்கள். ஆங்கிலத்தில் சனி மட்டும் ரோமப் பெயரோடே தங்கிவிட்டது.

கோள்களின் பெயரையே வேண்டாம் என்றவர்களும் உண்டு. ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கும் யூதர்கள் மற்ற நாட்களை எண்ணால் அழைத்தார்கள். கிரேக்கத் திருச்சபையும் அரபு மொழியும் அதே வழியில் சென்றன. அரபியில் வெள்ளி, தொழுகைக்குக் கூடும் நாள். போர்த்துக்கீசிய மொழியில் திங்கள்தான் ‘இரண்டாம் நாள்’. ரஷ்ய மொழியிலோ ‘இரண்டாவது’ என்ற பெயர் செவ்வாய்க்கு. ஒன்று ஞாயிறிலிருந்து எண்ணுகிறது, மற்றது திங்களிலிருந்து.

இந்தியாவில் கிழமை குறித்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரண் தூணில் இருக்கிறது. புதகுப்தன் காலத்தது, ஆண்டு 484, நாள் வியாழன். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தில் கோள்கள் கிழமை வரிசையிலேயே வருகின்றன. சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டு, நட்சத்திரத்தோடு கிழமையும் உண்டு. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட கால அட்டவணைகளை வைத்து ஆய்வாளர்கள் கல்வெட்டுத் தேதிகளைச் சரிபார்த்தார்கள். கிழமை ஒத்துவராவிட்டால் கணித்த ஆண்டையே மறுபடி பார்க்க வேண்டும்.

பௌத்தத் துறவி அமோகவஜ்ரர் 759இல் சீன மொழியில் ஆக்கிய சோதிட நூல் வாரத்தைக் கிழக்கே கொண்டுபோனது. 806இல் கூக்காய் என்ற துறவி அதை ஜப்பானுக்கு எடுத்துச் சென்றார். அங்கே செவ்வாய் நெருப்பு நாள், புதன் நீர் நாள், வியாழன் மர நாள், வெள்ளி பொன் நாள், சனி மண் நாள். ஜப்பானியர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சீனர்களோ எண்ணுக்கு மாறிவிட்டார்கள்.

மாதத்துக்கு நிலவு சாட்சி, ஆண்டுக்குச் சூரியன் சாட்சி. வாரத்துக்கு வானத்தில் சாட்சி கிடையாது. மனிதர்கள் விடாமல் எண்ணி வருவதால்தான் அது நிற்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் பத்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். சோவியத் அரசு 1929இல் ஐந்து நாள், பிறகு ஆறு நாள் என்று மாற்றிப் பார்த்தது. இரண்டும் நிலைக்கவில்லை. 1582இல் போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. பத்துத் தேதிகள் காணாமல் போயின. கிழமை மட்டும் தவறவில்லை: 4 வியாழன், 15 வெள்ளி.