நடுவர் தீர்ப்பும் மேன்முறையீடும்

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலும், மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரை மணலிலும் மென்பந்துக் கிரிக்கெட் ஆடுவோரிடையே எழும் பூசல்களுட் பல நடுவரைப் பற்றியனவே. நடுவராக நிற்பவர் பெரும்பாலும் துடுப்பெடுத்தாடும் கட்சியைச் சேர்ந்தவராதலின், அவருடைய கண்ணோடு மனச்சாட்சியும் சோதனைக்குள்ளாகிறது. ஒருமுறை கண்டதை மீண்டும் காண்பதற்கு அங்கு வழியில்லை. உலக அரங்கிலும் 1992 வரை இதுவே நிலைமை.

அவ்வாண்டு நவம்பரில், தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், ஓடி எல்லைக்கோட்டை எட்டுமுன் விக்கெட் வீழ்த்தப்பட்ட இந்திய வீரர் டெண்டுல்கர், தொலைக்காட்சிப் படத்தை நோக்கிய மூன்றாம் நடுவரின் தீர்ப்பால் ஆட்டமிழந்தார். ஆயினும், படத்தைப் பார்க்குமாறு கேட்கும் உரிமை களத்து நடுவருக்கே இருந்தது; பாதிக்கப்பட்ட வீரருக்கு வாய் திறக்க இடமில்லை.

இக்குறையின் வலியை இலங்கையர் நன்கறிவர். 1995 டிசம்பர் 26 இல் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயர், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை குற்றங் கூறினார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் மற்றொரு நடுவர் அவ்வாறே கூறியபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். முறையாக முறையிட வழியில்லாதவன் வேறென்ன செய்வான்? ஆட்டம் மீண்டும் தொடங்கியது; 303 ஓட்டங்கள் பெற்று, ஒரே விக்கெட் எஞ்சியிருக்க இலங்கை வென்றது. எனினும், எறிபந்துக் குற்றச்சாட்டு இன்றைய மறுபரிசீலனை முறைக்கும் உட்பட்டதன்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

நியாயஸ்தலத்தில் கீழ்மன்றத் தீர்ப்பை எதிர்த்து மேன்மன்றம் செல்வதுபோல், வீரனும் நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம் என்னும் கருத்தை, இலங்கை வழக்கறிஞர் சேனக வீரரத்ன 1997 இல் ஆஸ்திரேலியப் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார். அத்தகைய முறை டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதல் பரீட்சிக்கப்பட்டதும் இலங்கை மண்ணிலேயே. 2008 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இந்தியாவுக்கெதிரான ஆட்டம் தொடங்கிற்று. ஒவ்வோர் அணிக்கும் ஓர் இனிங்ஸில் மூன்று முறையீடுகள் பிழைக்கலாம். அதற்குமேல் கேட்க முடியாது. ஒரே ஓட்டத்துடன் ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்ட டில்ஷான் முறையிட்டார். தீர்ப்பு மாற, 125 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்றார். முறையீட்டினால் முதன்முதலில் ஆட்டமிழந்தவர் இந்தியாவின் சேவாக். பந்து வீசியவர் முரளிதரன்!

மூன்று டெஸ்டுகளிலும் இலங்கையின் முறையீடுகளுள் பதினொன்று பலித்தன. இந்தியாவுக்குப் பலித்தது ஒன்றே. கருவி இரு சாராருக்கும் ஒன்றுதான். எப்பொழுது கேட்பது, எப்பொழுது வாளாவிருப்பது என்னும் விவேகத்திலேயே வேறுபாடு தோன்றிற்று. பந்து வீசியவனின் ஆவேசத்தை நம்பிக் கேட்ட அணித்தலைவர் பலர் பின்னர் வருந்தியதுண்டு. தொடரை 2–1 என இலங்கை வென்றது. 2009 நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் சபை இம்முறையை முறைப்படி ஏற்றது. இந்தியாவோ நெடுங்காலம் இணங்காது நின்று, 2016 நவம்பரில் இங்கிலாந்துக்கெதிராக ராஜ்கோட்டில் ஆடியபோதே தன் நாட்டு டெஸ்டுகளில் அதற்கு இடமளித்தது.