மூப்பர் முறையும் மலைச் சபையும்: கொல்லிமலையை முன்வைத்து ஒரு விவாதம்

பிரஸ்பிட்டேரியன் சபைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆராதனையிலிருந்தே தொடங்குகிறார்கள். பிரசங்கத்துக்குக் கிடைக்கும் முதலிடம், சங்கீதங்களைப் பாட்டாக்கிப் பாடும் பழக்கம், அலங்காரம் குறைந்த ஆலயம் ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. அந்தச் சபைகளை நிறுத்தி வைத்த தூண் மூப்பர்களின் கூட்டம் என்பது என் வாதம். ஆராதனை அதிலிருந்து பிறந்தது. இதைச் சோதிக்க, பிரஸ்பிட்டேரியன் சபை வேர்கொள்ளாத கொல்லிமலையையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு முறை இல்லாத இடத்தில்தான் அது செய்துவந்த வேலை என்னவென்று தெளிவாகத் தெரியும்.

ஜெனீவாவில் கால்வின் வகுத்து, 1560இல் ஜான் நாக்ஸும் தோழர்களும் ஸ்காட்லாந்தில் நிலைநாட்டிய ஒழுங்கு இது. சபையார் தங்களுக்குள்ளிருந்து மூப்பர்களைத் தெரிந்தெடுப்பார்கள். போதகரும் அவர்களும் சேர்ந்த சங்கம் உள்ளூர்ச் சபையை நடத்தும். அக்கம்பக்கத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடுவது அடுத்த அடுக்கு, அதற்கு மேலே சினட். ஒவ்வொரு மூப்பருக்கும் சில வீடுகள் பொறுப்பு. திருவிருந்து நெருங்கும்போது அவர் வீடு வீடாகப் போவார். மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துவைப்பார், நோயாளியின் அருகில் உட்கார்ந்து ஜெபிப்பார். ஸ்காட்லாந்தில் திருவிருந்துக்குத் தகுதியானவர் என்பதற்கு அடையாளமாகச் சிறு உலோக வில்லையைக் கையில் கொடுப்பது நெடுங்கால வழக்கம். பந்தி நாளில் அப்பத் தட்டையும் கிண்ணத்தையும் ஏந்திக்கொண்டு மூப்பர்கள் சபையாரிடம் வருவார்கள், சபையார் உட்கார்ந்தபடியே பெற்றுக்கொள்வார்கள். அந்த வாரம் தன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவரின் கையே அப்பத்தை நீட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்ற நாட்களுக்கும் நடுவே இந்த முறை போட்ட முடிச்சு அதுதான்.

தமிழகத்தில் இதன் வரலாறு நன்கு பதிவானது. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா கிர்க், பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சார்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆலயமாக இருந்தது. அதன் வட்ட மண்டபத்தில் எங்கே உட்கார்ந்தாலும் போதகரின் குரல் கேட்க வேண்டும் என்ற எண்ணம் கட்டடத்திலேயே தெரிகிறது. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்கச் சீர்திருத்த சபையைச் சேர்ந்தது, மூப்பர் ஆட்சியையே கைக்கொண்டது. ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும் ஆற்காட்டுச் சபைகளும் 1901இல் இணைந்தன. 1908இல் காங்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவாயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று அது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையானது. பேராயர்கள் வந்தார்கள், ஆனாலும் பாஸ்டரேட் கமிட்டியிலும் சினட்டிலும் பழைய மூப்பர் முறையின் சாயல் தங்கிவிட்டது.

இனி கொல்லிமலைக்கு வருவோம். ஆகாய கங்கையாக விழும் அய்யாறு சமவெளியைத் தொடுகிற இடம் புளியஞ்சோலை. மலையின் இந்தக் கிழக்குப் புறத்தில் துறையூர், மேற்குப் புறத்தில் சேந்தமங்கலம். சேந்தமங்கலம் பக்கமிருந்து 1913இல் மலையேறிக் குடியமர்ந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும். அவர்கள் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவருக்கே திருவிருந்து. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது, மேலே சங்கமும் சினட்டும் கிடையா. வாழவந்தியில் மரவீடு கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ஏறத் தயங்கிய காலம் அது.

மருந்துக்கு வந்தவர்கள் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. இதை மலை மக்களின் பிடிவாதம் என்று மிஷனரி எழுத்து சொல்லக்கூடும். எனக்கு அது ஒரு சமூக ஒழுங்கின் இயல்பான எதிர்வினையாகத் தெரிகிறது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, அதற்கும் தலைவர் உண்டு. கல்யாணம், நோன்பு, வழக்கு எல்லாம் ஊர் கூடி முடிவு செய்யும் காரியங்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழுந்தால் அவர் ஊரைவிட்டே வெளியேறியதாக ஆகிவிடுகிறது. அவர் வீட்டில் சாவு விழுந்தால் பாடை தூக்க யார் வருவார் என்ற கேள்வி உடனே எழும்.

முதல் உலகப் போரை ஒட்டி வந்த கொள்ளைக்காய்ச்சலில் இது மாறத் தொடங்கியது. மிஷனை எதிர்த்து நின்ற ஒரு பூசாரி நோயில் விழுந்தார். சொந்த சனம் நெருங்கப் பயந்த வீட்டுக்குள் பிராண்ட் தம்பதியர் போனார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். பலரும் துணிந்து வந்தது அதன் பிறகுதான். பிரசங்கம் திறக்காத கதவை நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்தது திறந்தது. இது மூப்பரின் வேலை. அந்தப் பதவிப் பெயர் இல்லாமலே இருவர் அதைச் செய்தார்கள்.

இருவர் மட்டுமே என்பதுதான் இடர். 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலில் இறந்தபோது, சந்திப்பும் மருந்தும் ஆலோசனையும் இந்த இருவரையே பெரிதும் நம்பியிருந்த சபை எவ்வளவு தள்ளாடியிருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. மூப்பர் முறையில் போதகர் போனாலும் வீடுகள் பொறுப்பாளர் இல்லாமல் போவதில்லை. பக்கத்துச் சபைகளுக்கும் அவற்றின்மேல் கடமை உண்டு. இதைவிடப் பெரிய வேறுபாடு ஞானஸ்நானத்தில் இருக்கிறது. பிரஸ்பிட்டேரியன் சபை குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுத்து வீட்டை ஒன்றாக ஏற்கிறது. ஆற்காடு மிஷன் கிராமங்களில் பல குடும்பங்கள் ஒன்றாக வந்து சேர முடிந்ததற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஊராய் முடிவெடுக்கும் மலைக்கு இந்த வழி இசைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஊர் ஒழுங்கோடு இசைகிற சபை ஊரின் மேடுபள்ளத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். மூப்பர் நாற்காலியில் ஊர்ப் பெரியவரே உட்கார்ந்தால் சபையில் யாருக்கு விடுதலை? தமிழகச் சபைகளில் சாதிவாரி இருக்கை எவ்வளவு காலம் நீடித்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதே பிரஸ்பிட்டேரியன் மரபில் வந்த ஆண்டர்சன், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததற்காக மேல்சாதி மாணவர்கள் விலகிப் போனபோதும் பின்வாங்கவில்லை. கவுண்டர் பதவி பரம்பரை, மூப்பர் பதவி தேர்தல். இந்த வேறுபாட்டை உண்மையாகக் கடைப்பிடித்த இடங்களில் முறை காப்பாற்றியது, பெயருக்கு வைத்துக்கொண்ட இடங்களில் கைவிட்டது.

பெண்களைப் பொறுத்தவரை மூப்பர் முறையின் குறை இன்னும் பெரிது. ஸ்காட்லாந்து சபையே பெண்களை மூப்பர்களாக ஏற்றது 1966இல். அதற்குள் ஈவ்லின் பிராண்ட் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஊழியத்தில் செலவிட்டு முடித்திருந்தார். 1947இல், 68 வயதில், மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். கொல்லிமலையில் தொடங்கி, புளியஞ்சோலைக்கு எதிரே நிற்கும் பச்சைமலை, அதற்கு அப்பால் கல்வராயன் என்று மட்டக்குதிரையில் ஏறிக் குடிசை குடிசையாகப் போனார். 1974இல் 95 வயதில் இறந்தவரைக் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

மூப்பர் முறையை நான் உயர்த்திப் பேசுவது அதன் நூல் வடிவத்துக்காக அல்ல. வீடுகளைப் பங்கிட்டுப் பொறுப்பேற்பதும், அந்தப் பொறுப்புக்கு ஒரு கூட்டத்தின் முன் கணக்குக் கொடுப்பதும் அதில் சட்டமாகவே இருந்தன. கொல்லிமலையிலும் சமவெளியிலும் உள்ள சபைகளின் ஆராதனை ஒழுங்கை ஒப்பிடும் ஆய்வுகள் வரட்டும். அதற்கு முன் அந்தச் சபைகளின் கூட்டப் பதிவேடுகளையும் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளையும் ஒன்றாக வைத்து வாசிக்க வேண்டும். யார் வீட்டுக்கு யார் போனார்கள், எந்த அடக்கத்தில் எந்தச் சாதியார் பாடை தூக்கினார்கள், முடிவெடுத்த கூட்டத்தில் பெண்கள் எப்போது முதல் உட்கார்ந்தார்கள் என்பவற்றை அவற்றிலிருந்தும் முதியவர்களின் வாய்மொழியிலிருந்தும் திரட்டியாக வேண்டும். அந்த முதியவர்கள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும்.