லினக்ஸ் கருனி: பன்னாட்டு ஒருங்கிணைப்பு

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலிருந்து மீக்கணினிகள் வரை இயக்கும் லினக்ஸ் கருனியை (கெர்னல்) பல நாடுகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான நிரலர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பொதுவான அலுவலகம் இல்லை, வேலை நேரம் இல்லை, தினசரிக் கூட்டமும் இல்லை. வேலை பெரும்பாலும் மின்னஞ்சலில் நடக்கிறது.

தொடக்கம்

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் இயங்குதளப் பயனர்களின் செய்திக்குழுவில், இயங்குதளம் எழுதும் தன் முயற்சியை அறிவித்தார். சுமார் 10,000 வரிகள் கொண்ட 0.01 பதிப்பு செப்டம்பரில் வெளிவந்தது. பயன்படுத்தியவர்களிடம் அவர் பணம் கேட்கவில்லை, அஞ்சலட்டை அனுப்பச் சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில், 2 எம்பி நினைவகம் மட்டுமே வைத்திருந்த ஜெர்மானியர் ஒருவருக்காக, நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றும் வசதியைச் சேர்த்தார். முகம் பார்க்காத ஒருவரின் தேவை நிரலாக மாறும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது.

திருத்தங்கள் 'பேட்ச்' வடிவில் வந்தன. லாரி வால் 1985இல் வெளியிட்ட நிரல் ஒன்றே அந்தப் பெயருக்கு மூலம். பேட்ச் சிறிய உரைக்கோப்பு. நீக்க வேண்டிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், சேர்க்க வேண்டியதற்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். மாறாத சில வரிகளும் சுற்றிலும் வரும். இதற்குள் வேறொருவர் கோப்பின் மேற்பகுதியை மாற்றி வரி எண்கள் நகர்ந்திருந்தாலும், அந்த அக்கம்பக்கத்து வரிகளை வைத்துத் திருத்தம் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் வேலை செய்ய முடிந்தது இந்த எளிய ஏற்பாட்டால்தான்.

ஆனால் எல்லாப் பேட்சுகளும் டோர்வால்ட்ஸின் அஞ்சல்பெட்டிக்கே போய்ச் சேர்ந்தன. பதில் வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டியதுதான். 1998இல் இந்த நெரிசல் பகிரங்கச் சண்டையாக வெடித்தது. வேல்ஸில் இருந்த ஆலன் காக்ஸ் போன்றவர்கள் திருத்தங்களைத் திரட்டித் தனிப் பிரதி வைத்திருந்தது ஓரளவு கைகொடுத்தது.

பிட்கீப்பரும் கிட்டும்

2002இல் டோர்வால்ட்ஸ், நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியான பிட்கீப்பருக்கு மாறினார்; அதை உருவாக்கியது லாரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனம். அது வணிக மென்பொருள், ஆனால் கருனி நிரலர்களுக்கு இலவசம். 2005 ஏப்ரலில் அந்தச் சலுகை நின்றது. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பர் சேவையகத்தோடு பேசும் நிரல் ஒன்றை எழுதியதே காரணம். அதே மாதம் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் அவர் தான் செய்ததை மேடையிலேயே காட்டினார்: டெல்நெட் வழியாகச் சேவையகத்தை அணுகி 'ஹெல்ப்' என்று தட்டினார், அது தன் கட்டளைகளைப் பட்டியலிட்டது. கதவைத் தட்டி வழி கேட்டதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பிட்கீப்பருக்கு மாற்றாக ஏப்ரல் 3 அன்று டோர்வால்ட்ஸ் 'கிட்' எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதி அது தன் மூலநிரலைத் தானே காத்துவைக்கும் நிலைக்கு வந்தது. ஜூலையில் அதன் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும், இணைப்பு இல்லாமலும் வேலை ஓடும். ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதியவரின் நேர வலயமும் பதிவாகும். சென்னையிலிருந்து சேர்த்தால் +0530 என்று நிற்கும்.

இப்போது பேட்ச் முதலில் அந்தந்தத் துணை அமைப்பின் பராமரிப்பாளரிடம் போகிறது. அவர் ஏற்றவை மட்டுமே மேலே செல்கின்றன. லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாக எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐபிஎம் மீது 2003இல் வழக்குத் தொடுத்ததை அடுத்து, 2004 முதல் பேட்சை அனுப்புகிறவரும் அதைக் கைமாற்றுகிறவர்களும் அதை அளிக்கும் உரிமை உண்டு என்று ஒப்பம் இடுகிறார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம், பிறகு வாரம் ஒரு சோதனைப் பதிப்பு, ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு.

2018இல் நிரலர்களுக்கான நடத்தை விதிகள் ஏற்கப்பட்டன. 2024 அக்டோபரில், பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி, ரஷ்யத் தொடர்புடைய பராமரிப்பாளர்கள் சிலரின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.