கிராமப்புறக் கம்பியில்லா இணையத்துக்கான ஆண்டெனாத் தேர்வு

நிலையான கம்பியில்லா இணையம் என்பது வீடு, பள்ளி, மருத்துவமனை போன்ற இடம்பெயராத கட்டடங்களுக்கு அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வானலை வழியே இணைப்பு வழங்கும் முறை. வீடுகள் தள்ளித்தள்ளி அமைந்த கிராமங்களில் ஒவ்வொரு வாசலுக்கும் கண்ணாடியிழைக் கேபிள் இழுப்பது செலவு மிக்கது என்பதால் இம்முறை அங்கே பயன்படுகிறது. இரண்டு முனைகளும் நகராததால், கைப்பேசியில் இயலாத ஒன்று இதில் இயலும்: ஆண்டெனாவை ஒரு முறை குறிபார்த்து இறுக்கிவிட்டால் அது அப்படியே நிற்கும். தூரம், பரப்ப வேண்டிய கோணம், அலைவெண், இடையிலுள்ள தடை, சட்ட வரம்பு ஆகியவையே எந்த ஆண்டெனா பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கெயினும் கற்றை அகலமும்

ஆண்டெனா தானாக ஆற்றலை உண்டாக்குவதில்லை; கிடைத்த ஆற்றலை ஒரு திசையில் குவிக்கிறது. டார்ச் விளக்கின் குழிந்த கண்ணாடி செய்யும் வேலையும் இதுவே. எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டு இந்தக் குவிப்பு டிபிஐ என்ற அலகில் கெயினாகக் குறிக்கப்படுகிறது. கெயின் 3 டெசிபெல் கூடினால் அத்திசையில் செல்லும் ஆற்றல் இரு மடங்காகும். கெயின் ஏற ஏறக் கற்றை குறுகும். 5.8 கிகாஹெர்ட்சில் 60 செ.மீ. விட்டமுள்ள டிஷ் ஏறத்தாழ 28 டிபிஐ தரும். அதன் கற்றை அகலமோ சுமார் 6 பாகைதான். எனவே கெயின் மிகுந்த ஆண்டெனா எல்லா இடத்துக்கும் ஏற்றதாகிவிடாது.

கோபுரத்துக்கு உரியவை

சுற்றிலும் 360 பாகைக்குப் பரப்பும் ஆம்னி ஆண்டெனா விலை குறைந்தது, ஒன்றே போதும். ஆனால் அது கிடைமட்டத்தில் பரப்புவதை உயரவாட்டில் சுருக்கி ஈடுகட்டுகிறது. 13 டிபிஐ ஆம்னியின் செங்குத்துக் கற்றை சுமார் 7 பாகை. 30 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து 300 மீட்டரில் உள்ள வீடு 5.7 பாகை கீழே இருப்பதால் முதன்மைக் கற்றைக்கு வெளியே விழுகிறது. தூரம் குறைவு என்பது இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டினாலும், கற்றைகளுக்கு நடுவே வரும் வெற்றிடங்களில் இணைப்பு தடுமாறலாம். எல்லாப் பக்க இரைச்சலையும் சேர்த்து வாங்குவது ஆம்னியின் இன்னொரு குறை. வீடுகள் சில மட்டுமே உள்ள, வேறு வலையமைப்புகள் இல்லாத சிற்றூருக்கு அது போதும்.

வாடிக்கையாளர் பெருகும் இடங்களில் 60, 90 அல்லது 120 பாகை அகலமுள்ள செக்டர் ஆண்டெனாக்கள் பொருத்தப்படுகின்றன. 120 பாகையில் மூன்றும் 90 பாகையில் நான்கும் ஒரு கோபுரத்தைச் சுற்றி நிறைத்துவிடும். ஒவ்வொரு செக்டருக்கும் தனி ரேடியோ இருப்பதால் மொத்தக் கொள்ளளவும் கூடுகிறது. ஒரே அலைவரிசையை எதிரெதிர்ச் செக்டர்களில் மீண்டும் பயன்படுத்த வேண்டுமானால், முன்பக்கத்தோடு ஒப்பிடப் பின்பக்கம் எவ்வளவு குறைவாகக் கசிகிறது என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். பல கோபுரங்கள் நெருங்கியுள்ள இடத்தில் பக்கக் கசிவு குறைந்த ஹார்ன் ஆண்டெனா, கெயின் குறைவாயினும், மேலானது.

வீட்டுக்கு உரியவை

வீட்டு ஆண்டெனா ஒரே கோபுரத்தைப் பார்த்தால் போதும் என்பதால் குறுகிய கற்றையே இங்கு நல்லது. ஓரிரு கிலோமீட்டருக்குத் தட்டையான பேனல் ஆண்டெனா போதுமானது. அதற்கு மேல் சிறு டிஷ்ஷோ கம்பிவலை டிஷ்ஷோ வேண்டும். வலை டிஷ் காற்றை ஊடுருவ விடுவதால் கம்பத்தின் மீது தள்ளுவிசை குறையும். ஜப்பானின் தொஹோக்கு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகியோர் 1926இல் வெளியிட்ட யாகி-உடா ஆண்டெனா 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவெண்களில் இன்றும் பயன்படுகிறது. அங்கே அதே கெயினுக்கு டிஷ் மிகப் பெரியதாகிவிடும்.

அலைவெண்ணும் மரங்களும்

திறந்தவெளியில் 10 கி.மீ. தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்சில் இழப்பு 120 டெசிபெல், 5.8 கிகாஹெர்ட்சில் ஏறத்தாழ 128. உயர் அலைவெண்ணில் அதே அளவு டிஷ் கூடுதல் கெயின் தருவதால் இந்த வேறுபாட்டை ஈடுகட்டலாம். மரங்களின் கதை வேறு. மரங்களால் நேரும் இழப்பைக் கணிக்கும் வைஸ்பெர்கர் மாதிரியின்படி, 30 மீட்டர் ஆழமுள்ள அடர்ந்த தோப்பு 0.9 கிகாஹெர்ட்சில் சுமார் 10 டெசிபெல்லையும், 5.8 கிகாஹெர்ட்சில் 16 டெசிபெல்லையும் விழுங்குகிறது. ஆகவே தோப்பைத் துளைக்க ஆண்டெனாவைப் பெரிதாக்குவதைவிடக் கம்பத்தை உயர்த்துவதே பெரும்பாலும் பயன் தரும்.

பாதைத் தெளிவு

கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நேர்க்கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலம் எனப்படும் நீள்வட்ட வெளியிலும் தடை இருக்கக் கூடாது. 10 கி.மீ. தூரத்து 5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் நடுவழியில் இதன் ஆரம் 11.4 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்சில் 17.7 மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடு தெளிவாக இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. பூமியின் வளைவும் நடுவழியில் சுமார் 1.5 மீட்டர் சேர்க்கிறது. 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி குழுவினர் 382 கி.மீ. தூரத்துக்கு வைஃபை இணைப்பு ஏற்படுத்த முடிந்ததற்கு, பெரிய டிஷ்களோடு இரு முனைகளும் மலையுச்சிகளில் இருந்ததும் காரணம்.

சட்ட வரம்பும் கணக்கும்

ரேடியோவின் திறனையும் ஆண்டெனாவின் கெயினையும் கூட்டிய பயனுறு கதிர்வீச்சுத் திறனுக்கே சட்டம் பெரும்பாலும் வரம்பு விதிக்கிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005இல் 4 வாட் (36 டிபிஎம்) உச்சவரம்போடு உரிமம் தேவையற்றதாக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு 2018இல் விரிவான விலக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு கோபுரம் பல வீடுகளுக்கு வழங்கும் அமைப்புக்கு இவ்விரு பட்டைகளிலும் 36 டிபிஎம் வரம்பு உண்டு. 5.8 கிகாஹெர்ட்சில் இரு புள்ளிகளை மட்டும் இணைக்கும் நிலையான இணைப்புக்கு அங்கே ஆண்டெனா கெயின் வரம்பு இல்லை.

வரம்பு அனுப்புதலுக்கு மட்டுமே, வாங்குதலுக்கு இல்லை. கோபுரம் 36 டிபிஎம் அனுப்பி, 5 கி.மீ. தூரத்தில் 122 டெசிபெல் இழந்தால், 14 டிபிஐ பேனல் வைத்த வீட்டுக்கு -72 டிபிஎம் வந்து சேரும். 23 டிபிஐ டிஷ்ஷுக்கு -63. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு -75 தேவையென்றால், பேனலுக்கு மிஞ்சும் இருப்பு 3 டெசிபெல், டிஷ்ஷுக்கு 12. அலை மங்கும் நேரங்களைத் தாங்க 10 டெசிபெல்லுக்கு மேல் இருப்பு வேண்டும் என்பதால் இங்கு டிஷ்ஷே சரியான தேர்வு.

தளவிளைவும் பொருத்துதலும்

தளவிளைவு, அதாவது அலை அதிரும் தளம், இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் மாறிவிட்டால் 20 டெசிபெல்லோ அதற்கு மேலோ இழப்பு நேரலாம். இன்றைய ரேடியோக்கள் இரு தளங்களிலும் தனித்தனித் தரவு ஓட்டங்களை அனுப்புவதால் இரட்டைத் தளவிளைவு ஆண்டெனா இயல்பாகிவிட்டது. ரேடியோவை ஆண்டெனாவின் பின்னாலேயே பொருத்தினால் நீண்ட கேபிள் இழப்பு தவிர்க்கப்படும்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் சிகிச்சை மையங்களோடு இணைக்க, கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகக் குழு திசைநோக்கு ஆண்டெனாக்களைக் கொண்டு நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அமைத்தது. அதன் வழியே மருத்துவர்கள் காணொளியில் நோயாளிகளைப் பார்த்தனர். தரமற்ற மின்சாரம் கருவிகளைப் பழுதாக்குவதே இத்தகைய வலையமைப்புகளின் பெருந்தொல்லை என்பதை அக்குழு பதிவு செய்துள்ளது. எனவே ஆண்டெனாத் தேர்வோடு கம்பத்துக்கு மண்ணிணைப்பு, இடி மின்னல் தடுப்பான், நீர்புகா இணைப்பிகள், கடலோரமாயின் துருப்பிடிக்காத தாங்கிகள் ஆகியவற்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.