சாம்சங் தொழிலாளர்களுக்கு தென்கொரியாவில் இருந்து ஆதரவு வந்தது ஏன்?

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் ஸ்ட்ரைக் தொடங்கியது. 37 நாட்கள் நீடித்தது. சிஐடியு ஆதரவுடன் தொடங்கிய தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் முக்கிய கோரிக்கை.

என்னென்ன நெருக்கடி?

போராட்டப் பந்தலை போலீசார் அகற்றினர். தொழிலாளர்கள் பலர் கைதானார்கள். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருக்கக் கூடாது என நிறுவனம் எதிர்த்ததால், பதிவும் இழுத்துக்கொண்டே போனது.

கொரியாவுக்கு என்ன சம்பந்தம்?

தலைமையகம் அங்கேதான் இருக்கு. சங்கமே கூடாது என்பதுதான் அங்கும் பல ஆண்டுகளாக சாம்சங்கின் கொள்கை. 2020 மே மாதம்தான் லீ ஜே-யோங் மன்னிப்பு கேட்டு, அதைக் கைவிடுவதாக அறிவித்தார். 2024-ல் கொரிய ஊழியர்களும் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். அதே நிர்வாகத்தோடு மோதிய அந்த சங்கம்தான் இங்குள்ளவர்களுக்கு ஆதரவு தெரிவித்தது.

இதனால் என்ன பயன்?

வெளிநாட்டு சங்கத்தால் கைதைத் தடுக்க முடியாது. ஆனா, உள்ளூர் பிரச்சினை தலைமையகம் இருக்கும் நாட்டிலும் செய்தியாகிறது. நிறுவனம் அங்கேயும் பதில் சொல்ல வேண்டி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சங்கம் அமைப்பது அரசியல் சாசனம் 19-வது பிரிவு தரும் உரிமை. ஆனால், இதே உரிமைக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 87, 98-வது உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவில்லை. தென்கொரியா 2021-ல் ஏற்றது.

கடைசியில்?

உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஆனால் பதிவு வேறு, நிர்வாகத்தின் அங்கீகாரம் வேறு.