ஸ்பெல்லிங் வராத பையனும் உலகின் முதல் உளவியல் கிளினிக்கும்

சைக்காலஜிஸ்ட்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? டிப்ரஷன், யாருக்கும் தெரியாம போயிட்டு வர்ற கிளினிக். ஆனா உலகின் முதல் உளவியல் கிளினிக்குக்கு வந்த முதல் ஆள், ஸ்பெல்லிங் வராத ஒரு 14 வயசுப் பையன்.

வருஷம் 1896, மார்ச் மாசம். ஊர் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா. அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர்னு ஒரு பேராசிரியர். ஜெர்மனியில் லைப்சிக் போய், வில்ஹெல்ம் வுண்ட் கிட்ட டாக்டர் பட்டம் வாங்கினவர். மனித மனசை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்து பார்க்கிற பயிற்சி. அவர்கிட்ட மார்கரெட் மகுவயர் என்ற பள்ளி ஆசிரியையும் படிச்சாங்க. தன் ஸ்கூல் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. உங்க சைக்காலஜியால இவனுக்கு ஏதாவது செய்ய முடியுமா? அவங்க கேள்வியின் சாரம் அதுதான்.

விட்மர் தேடிப் பார்த்தார். எழுத்துப் பிழைக்குக் காரணம் என்ன, வைத்தியம் என்ன என்று அதுவரை அவர் துறை யோசிச்சதாகவே தெரியலை. இவ்வளவு ஆய்வு நடத்தின துறைக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடுதான்!

பையன் மக்கு இல்லை. தர்க்கமா யோசிப்பான். ஆனா ‘வாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பி ‘சா’ன்னு படிப்பான். சோம்பேறின்னு முத்திரை குத்தறது ரொம்ப சுலபம். விட்மர் முதல்ல கண்ணைப் பரிசோதிக்க வைத்தார். உருவம் இரண்டு இரண்டாத் தெரியுதுன்னு அப்போதான் வெளியே வந்தது. இத்தனை வருஷம் வகுப்பில் உட்கார்ந்தவனை யாரும் இதைக் கேட்கலை.

கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாயிடலை. சொல்லின் உருவம் அவன் நினைவில் நிற்கலைன்னு விட்மர் கணிச்சார். அதனால எழுத்துக்கூட்டாம, முழுச் சொல்லையும் பார்த்ததும் அடையாளம் காணப் பழக்கினாங்க. கண் டாக்டர், உளவியலாளர், டீச்சர் மூணு பேரும் ஒரே பையனுக்காக வேலை செஞ்சது, என்னைக் கேட்டா, கிளினிக் தொடங்கினதை விடப் பெரிய விஷயம்.

அதே 1896 நவம்பரில் இங்கிலாந்து டாக்டர் பிரிங்கிள் மார்கன், இன்னொரு 14 வயசுப் பையனைப் பற்றி எழுதினார். அவனுக்குக் கண்ணில் கோளாறே இல்லை, ஆனாலும் படிக்க வரலை. இன்றைய டிஸ்லெக்ஸியா ஆராய்ச்சி அந்தக் கட்டுரையிலிருந்து கிளைத்தது.

1907-ல் விட்மர் தன் வேலைக்குக் ‘கிளினிக்கல் சைக்காலஜி’ன்னு பேர் வைத்து, பத்திரிகையும் தொடங்கினார். அந்தப் பையனை ‘சார்லஸ் கில்மன்’ என்ற மாற்றுப் பெயரில்தான் நமக்குத் தெரியும். ஓரளவு நல்லாவே படிக்கக் கத்துக்கிட்டான். இளம் வயசிலேயே காசநோயால் இறந்துட்டான்.