கோழித் தீவனச் சீட்டின் கதை

என் பாட்டி காலத்தில் கொல்லைக் கோழிக்கு நாலு பிடி கம்பு இறைத்தால் போதும். மீதியைக் குப்பைமேட்டில் கிளறித் தின்றுகொள்ளும். நானோ மூட்டையில் தைத்த சீட்டைப் படிக்காமல் தீவனம் வாங்குவதில்லை. அந்தச் சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1860களில் ஜெர்மனியின் வீண்டே ஆய்வுப் பண்ணையில் ஹென்னபெர்க்கும் ஸ்டோமானும் தீவனத்தை ஈரம், சாம்பல், கொழுப்பு, நார், புரதம் எனப் பிரித்து அளக்க வழி வகுத்தார்கள். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோகான் கெல்டால் நைட்ரஜனை அளக்க எளிய முறை கண்டார். அந்த அளவை 6.25ஆல் பெருக்கி வருவதுதான் சீட்டிலுள்ள ‘கச்சா புரதம்’. யூரியாவைக் கலந்தாலும் இந்தக் கணக்கு ஏறிவிடும் என்பதால், புரத எண்ணை மட்டும் நம்பி நான் மூட்டையைத் தூக்குவதில்லை.

வைட்டமின் வரிக்கு வித்திட்டவை கோழிகளே. 1890களில் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்), தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்தன. தீட்டாத அரிசி தந்ததும் தேறின. அதைக் கவனித்த டச்சு மருத்துவர் ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கால்சியம் வரியையும் விடாதீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் அது 3 முதல் 4 சதவீதம். குஞ்சுக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மாற்றிப் போட்டால் குஞ்சின் சிறுநீரகம் கெடும்.